சுவரைக் கொத்துவதற்கு முன்: பழைய ஆலயங்களின் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகரக் (சபை வட்டாரக்) கமிட்டியாருக்கும், குருவானவர்களுக்கும், பேராயர்களின் நிர்வாகத்தில் உள்ள திருமண்டலங்களில் கட்டடப் பொறுப்பைச் சுமக்கும் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நூறு, நூற்றைம்பது வருடம் தாண்டிய ஆலயம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. வருகிற கூட்டங்களில் ஏதோ ஒன்றில் 'ஆலயப் புதுப்பிப்பு' என்ற பேச்சு எழும். ஒப்பந்தக்காரர் எஸ்டிமேட் கொடுப்பார். அதில் முதல் வரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசுதல். அந்த வரிக்கு 'ஆமென்' சொல்வதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அப்படியொரு வரிக்குக் கைதூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நான் சிவில் என்ஜினியர். வேலைக்காலம் முழுக்கக் கான்கிரீட்தான். எங்கள் ஆலயக் கமிட்டியில் இரண்டு முறை இருந்திருக்கிறேன். மிஷனெரிமார் காலத்துக் கட்டடம். இரண்டடிக்கு மேல் கனமுள்ள செங்கல் சுவர். அடிப்பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் காரை பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஓரமாக உட்காருகிறவர்களின் தோளில் ஒட்டியது. வயதான கொத்தனார் ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சார், வெளியே மழைத்தண்ணி தேங்குது. அதை வடியவிட்டாப் போதும். காரை மேல தப்பு இல்ல" என்றார். நான் காதில் வாங்கவில்லை. படித்தவன் சொன்னால் கமிட்டி கேட்கும், கேட்டது. ஐந்தடி உயரத்துக்குக் கொத்தினோம், ஒன்றுக்கு நான்கு கலவையில் சிமெண்ட் பூசினோம், மேலே பளபளப்பான பெயிண்ட் அடித்தோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆலயம் புதுமணப்பெண் மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மழைக்காலம் போனது. நாங்கள் தொடாமல் விட்ட பழைய காரையில், ஐந்தடிக்கு மேலே, ஈரம் தெரிய ஆரம்பித்தது. முன்பு இடுப்பளவில் நின்ற ஈரம் இப்போது என் தலைக்கு மேலே. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் சிமெண்ட் பூச்சு வயிறு தள்ளியிருந்தது. தட்டிப் பார்த்தால் வெறும்பானைச் சத்தம். உளியை நுழைத்து லேசாக நெம்பினேன். பலகை மாதிரி மொத்தமாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த செங்கல்லில் விரலை வைத்தேன். முதல் கணு வரை போனது. ஈரமான சிவப்புத் தூள், அதன்மேல் பஞ்சுபோலப் பூத்த வெள்ளை உப்பு. எத்தனையோ புயலைப் பார்த்த சுவரை மூன்று வருடத்தில் அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தோம்.

காரணம் எளியது. நான் படித்த பாடத்தில் அது இருக்கவில்லை, அவ்வளவுதான். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். வெயில் அடித்தால் காய்ந்துவிடும். ஈரத்தோடு வருகிற உப்பு காரையில் படிந்து, காரைதான் உதிரும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். உதிர்ந்த காரையைத் திரும்பப் பூசிவிடலாம். அதாவது அந்தக் காரை தன்னைக் கொடுத்துச் சுவரைக் காக்கும்படி வைக்கப்பட்ட ஒன்று. சிமெண்ட் அப்படி விட்டுக்கொடுக்காது. ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். போக வழியில்லாத ஈரம் மேலே ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கும். எசேக்கியேல் தீர்க்கதரிசி 'சாரமற்ற சாந்து' பூசுகிறவர்களைக் கண்டித்துச் சொன்னதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். நான் பூசிய சாந்து மிகவும் பலமானது; அந்தச் சுவருக்குத்தான் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு பழைய ஆலயங்களைப் பார்க்கிற என் பார்வையே மாறிப்போனது. சென்னைக்குப் போனால் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துக்குள் ஒரு தடவையாவது போய் உட்கார்ந்து வருவேன். கதீட்ரல் சாலைக்கு அந்தப் பெயர் வரக் காரணமே அந்த ஆலயம்தான். சோல்ட்ரி ப்ளெயின் என்று அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் அழைத்த வெட்டவெளியில், தோட்ட பங்களாக்களில் குடியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக 1815-ல் எழும்பியது. கல்கத்தா பேராயர் மிடில்டன் 1816 ஜனவரியில் அதைப் பிரதிஷ்டை செய்தார். வரைபடம் கம்பெனி என்ஜினியர் ஜேம்ஸ் லில்லிமேன் கால்டுவெல்லுடையது. (திராவிட மொழிகளை ஆராய்ந்த இடையன்குடி மிஷனெரி கால்டுவெல் ஐயர் அல்ல, அவர் வேறு.) கட்டி எழுப்பியவர் தாமஸ் டி ஹாவிலண்ட். லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய செயின்ட் மார்ட்டின் ஆலயத்தைப் போல, முன்னால் தூண் வரிசையும் முக்கோண முகப்பும், அதற்குப் பின்னாலிருந்து கிளம்பி மேலே போகும் ஊசிக்கோபுரமும். 1835-ல் மெட்ராஸ் திருமண்டலம் உண்டானபோது அது பேராலயமானது. முதல் பேராயர் டேனியல் காரி. 1837-ல் இறந்த அவரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

வெளியே அத்தனை வண்டிச் சத்தம். உள்ளே நுழைந்து நாலு அடி வைத்ததும் அது குறைந்துவிடும். இரண்டு பக்கமும் அயோனிக் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஆட்டுக்கொம்பு போல இருபுறமும் சுருண்ட சுருள். முதல்முறை போனபோது பளிங்கு என்று நினைத்துத்தான் ஒரு தூணைத் தொட்டேன். பளிங்கு இல்லை. மெட்ராஸ் சுண்ணம். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, அம்மியில் வெண்ணெய்போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம் என்று கொத்தனார்கள் தங்கள் கைப்பக்குவத்துக்குச் சேர்த்து, கடைசிப் பூச்சை ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சித்திரை மாதத்து மத்தியானத்திலும் குளுமை.

இதைச் சொல்லும்போது ஒரு தேதியையும் சொல்ல வேண்டும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-ல். செயின்ட் ஜார்ஜ் பேராலயம் அதற்கு எட்டு வருடம் மூத்தது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயம் 1680-ல் பிரதிஷ்டையானது. பாளையங்கோட்டையில் நம் மக்கள் ஊசிக்கோபுரம் என்று உரிமையோடு சொல்லும் பரிசுத்த திரித்துவப் பேராலயத்தை மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டியபோதும் இந்த நாட்டுக் கொத்தனாருக்குச் சிமெண்ட் என்றால் என்னவென்று தெரியாது. இந்தக் கட்டடங்களின் எலும்பு, தசை, தோல் எல்லாமே சுண்ணாம்பு. அவற்றுக்குச் சிமெண்ட் வைத்தியம் செய்வது வேறு இரத்த வகையை ஏற்றுவதற்குச் சமம்.

சுண்ணாம்புக்கு நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட இன்னொரு குணமும் உண்டு. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பக் கல்லாகிறது. மயிரிழை விரிசல் விட்டால், மழை ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே படிந்து மூடிக்கொள்ளும்.

இந்தக் கைவேலையைச் செய்தவர்கள் யார்? மிடில்டன் பெயர் தெரியும், டி ஹாவிலண்ட் பெயர் தெரியும். அவருடைய மனைவி எலிசபெத் 1818-ல் இறந்தபோது, பேராலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முதன்முதலில் அடக்கம் பண்ணப்பட்டவர் அந்த அம்மாதான் என்பதும் தெரியும். தான் கட்டிய ஆலயத்தின் நிழலில் மனைவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிய அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தத் தூண்களைத் தேய்த்த நம் ஊர்க் கொத்தனார்களில் ஒருவருடைய பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை. சுண்ணாம்பு அரைத்த பெண்கள், சாரத்தில் சட்டி தூக்கிய பிள்ளைகள், ஒருவரும் இல்லை. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் ஜன்னல் வளைவுகளுக்குக் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். 1847-ல் தொடங்கி 1880-ல் முடிந்த அந்த ஆலயத்தில், களிமண்ணில் கண்டதைக் கல்லில் கொண்டுவந்த கைகள் எவருடையவை? அவர்கள் விட்டுப்போனது அந்த வேலை ஒன்றுதான். நாம் காரையைக் கொத்தி லாரியில் ஏற்றும்போது அவர்களுடைய ஒரே சாட்சியையும் சேர்த்து ஏற்றி அனுப்புகிறோம். வெள்ளைக்காரன் பெயர் பொறித்த நினைவுக் கல்லை மட்டும் பத்திரமாகக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டுகிறோம்.

சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அது கம்பெனி காலத்து அடையாளம். நமக்கு எதற்கு அதன்மேல் இத்தனை பிடிப்பு?" நியாயமான கேள்விதான். அதற்கு நான் 1947 செப்டம்பர் 27-ஐக் காட்டுவேன். தேசம் விடுதலையாகி ஆறு வாரம். அதே செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும், பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். தலைமை வகித்தவர் பேராயர் சி. கே. ஜேக்கப். 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு நிறைவேற 28 வருடம் ஆனது. அதற்காகப் பாடுபட்ட பேராயர் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்த நம் பிள்ளை, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர், 1945-ன் முதல் நாளிலேயே கண்மூடிவிட்டார். அந்த நாளைப் பார்க்கவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்காகக் கட்டிய கூரைக்கு அடியில் அன்றைக்கு நடந்தது நம்முடைய சரித்திரம். அதற்குப் பிறகு அந்தச் சுவர்கள் கம்பெனியுடையவை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி நான் மனதில் அதிகம் சுமந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் சுவரை மட்டும் கெடுக்கவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து நாட்கள் தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை வெள்ளையடிப்பு. இரண்டு நாளைக்கு முன்பே ஆலயப் பணிவிடை செய்யும் கோயில் குட்டியார் பெரிய தொட்டியில் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். அது புஸ்ஸென்று கொதித்துப் புகைவதைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டம். கிட்டே போனால் அடி விழும். சனிக்கிழமை விடியும்போதே வாலிபர் சங்கத்து அண்ணன்மார் ஏணியைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மட்டையைச் சிதைத்த தூரிகை, கொஞ்சம் நீலம், கொஞ்சம் வச்சிரப் பசை. பெண்கள் ஐக்கியத்து அக்காமார் பெஞ்சுகளை வெளியே தூக்கிப்போட்டுக் கழுவுவார்கள். ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்த இரண்டு குடும்பத்து ஆண்கள் ஒரே ஏணியின் மேலேயும் கீழேயும் நிற்க வேண்டி வரும். சட்டியைக் கொடு, பிடி என்றாவது பேசித்தானே ஆக வேண்டும்? மத்தியானம் எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. சாயங்காலம் கொயர் ப்ராக்டீஸ். ஈரச் சுண்ணாம்பு வாசனையில் பாமாலை பாடிய அந்த மாலைகள் என் ஆவிக்குரிய வாழ்க்கையின் அஸ்திவாரம் என்று மனதாரச் சொல்வேன்.

அந்தக் கட்டடம் வருடத்துக்கு ஒருமுறை நம்மைக் கூப்பிட்டது. ஏழெட்டு வருடத்துக்குத் தொட வேண்டாம் என்று கடைக்காரர் உத்தரவாதம் தரும் பெயிண்ட்டை அடித்த பிறகு அது நம்மைக் கூப்பிடுவதில்லை. இன்றைக்கு ஒப்பந்தக்காரர் வருகிறார், முடிக்கிறார், பில் கொடுக்கிறார். கமிட்டியில் அந்தப் பில்லைப் பற்றிச் சண்டை மட்டும் போடுகிறோம். சேகரத்து வாலிபர்களில் எத்தனை பேர் தங்கள் ஆலயத்தின் மொட்டை மாடியில் ஏறியிருப்பார்கள்? மழைநீர்க் குழாயின் வாயில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்க ஓர் ஆள் போதும். பத்து வருடம் விட்டால் அதன் வேர் சுவரைப் பிளக்கும். ஈரத்தால் கெட்டுப்போனதாக நான் போய்ப் பார்த்த சுவர்களில் பெரும்பாலானவற்றுக்கு அடைத்த குழாயும் தேங்கிய தண்ணீரும்தான் காரணம்.

கொயரைச் சொன்னதால் ஒலியைப் பற்றியும். உயரமான கூரையும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்த இடத்தில் பாடினால் குரல் மேலே போய் இதமாகத் திரும்பி வரும். பாமாலைகளை நாலு பகுதியாகப் பாடுகிறவர்களுக்கு அது கூடுதலாக ஒரு குரல் கிடைத்த மாதிரி. பொய்க்கூரை போட்டு, பக்கச் சுவரில் வழவழ டைல்ஸ் ஒட்டி, அதற்குப் பிறகு ஒன்றும் புரியவில்லை என்று ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கராக மாட்டிய ஆலயங்களில் நான் ஆராதித்திருக்கிறேன். சபையார் பாடுவதை நிறுத்தி, கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏ.சி. போடுவதற்காக உயரத்து ஜன்னல்களை அடைக்கிறவர்களுக்கும் அன்போடு சொல்கிறேன்: அந்த ஜன்னல்கள் ஜனங்களுக்கு மட்டும் காற்றுக் கொடுக்கவில்லை, சுவருக்கும் கொடுத்தன.

இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து எவ்வளவோ வாங்கிக்கொண்டோம். அங்கியை வாங்கினோம், ஜெபப்புத்தகத்தை வாங்கினோம். பராமரிக்கிற முறையை மட்டும் வாங்க மறந்துவிட்டோம். அங்கே 1955-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஊர் ஆலயத்தையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை பார்த்து எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். பேராலயங்களுக்கு 1990-ல் தனிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பேராலயத்துக்கும் கட்டடக் கலைஞர் ஒருவர், கட்டுமான வேலைகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு. அந்தக் கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலையையும் முன்அனுமதி இல்லாமல் தொட முடியாது. யார்க் மின்ஸ்டரில் கல்தச்சர்கள் அந்தப் பேராலயத்தின் சொந்த வேலையாட்கள்; இளைஞர்கள் பழகுநர்களாகச் சேர்ந்து மூத்தவர்களிடம் உளி பிடிக்கக் கற்கிறார்கள்.

நம்மால் அத்தனை செலவு செய்ய முடியாது என்பது தெரியும். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு பரிசோதனை அறிக்கை என்பதைத் திருமண்டலங்கள் ஒரு விதியாகக் கொண்டுவரக் கட்டடம் தேவையில்லை, தீர்மானம் போதும். நூறு வருடம் தாண்டிய ஆலயத்தில் பூச்சு, தரை, கூரை எதைத் தொட்டாலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவருடைய எழுத்துமூலக் கருத்து இல்லாமல் எஸ்டிமேட் பாஸ் ஆகக்கூடாது என்றும் எழுதி வையுங்கள். திருமண்டலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் குழி, அதன் பொறுப்பில் ஒரு மூத்த கொத்தனார், அவரிடம் நம் தொழிற்பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர். இதைத்தான் நான் பெரிதாகக் கேட்கிறேன். ஏனென்றால் அந்த மூத்த கொத்தனார்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். எனக்கு அன்றைக்குச் சரியாகச் சொன்னவர் இப்போது உயிரோடு இல்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

சேகர அளவில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கமிட்டியார் எல்லோரும் சேர்ந்து, மழை பெய்துகொண்டிருக்கும்போது ஆலயத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். குடையோடு. தண்ணீர் எங்கிருந்து விழுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே சுவரைத் தொடுகிறது என்று பாருங்கள். வெயில் நாளில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எஸ்டிமேட்டைப் பார்ப்பதைவிட அந்த அரைமணி நேரம் அதிகம் சொல்லும்.

எங்கள் ஆலயத்தில் இப்போதைய கமிட்டி என் பேச்சுக்குக் காதுகொடுத்தது. நான் பூசவைத்த சிமெண்டை வடபக்கச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டோம். முதல் ஒரு வருடம் எதுவும் பூசாமல் சுவரைக் காயவிட்டோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, கல்யாண வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அதில் பாதியில் சுண்ணாம்புக் காரை ஏறியிருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் உள்ள பகுதியை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளே பூசினார்கள். சமமாக இல்லை, நாலைந்து இடத்தில் கைத்தடம் தெரிகிறது. அதை அப்படியே விடச் சொல்லிவிட்டேன்.

ஆலயத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், அடுத்த பூச்சுக்கான சுண்ணாம்பு குழியில் ஊறிக்கொண்டிருக்கிறது. உங்கள் சேகரத்திலிருந்து யாராவது பார்க்க வந்தால், ஆராதனை முடிந்ததும் பலகையை நகர்த்திக் காட்டுகிறேன். கைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
முன்னாள் கமிட்டி உறுப்பினன்